மாடிப்படிக்குக் கீழே ஒரு பச்சை பீரோ: அம்மாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய இரும்பு பீரோ கிடந்தது. நான்கு வருஷத்துக்கு முன் அதற்குப் பச்சைப் பெயின்ட் அடித்து என் புத்தகங்களை அடுக்கினேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், நோட்டில் பெயர் எழுதினால் போதும். எடுப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் சின்னக் குழந்தை வைத்திருக்கும் அம்மாக்கள். அவர்கள் கேட்பது மூன்றே விஷயம்தான்: பிள்ளை வளர்ப்பு, யோகா, சமையல். படிக்கட்டில் நின்று ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னதில் என் வீட்டுப் பருப்பு இரண்டு முறை அடிப்பிடித்துவிட்டது. ஒரு தாளில் எழுதி பீரோ கதவில் ஒட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதியது கதவில் அடங்கவில்லை. கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

"நேரமே இல்லையே அக்கா, நான் எப்ப படிக்கிறது?"

இதற்கு "காலையில் அரை மணி நேரம் முன்னால் எழுந்திரு" என்று சொல்பவர்கள் உண்டு. கைக்குழந்தையோடு ராத்திரி மூன்று முறை விழிப்பவளிடம் அதைச் சொல்ல எனக்கு மனசு வராது. தூக்கம்தான் முதலில். புத்தகம் எங்கேயும் ஓடிவிடாது.

நேரத்தைத் தேடுவதைவிட, நடுவில் நிறுத்தினாலும் கெட்டுப்போகாத புத்தகத்தைத் தேடுங்கள். பள்ளி வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும் பத்து நிமிஷம், குழந்தை மடியிலேயே தூங்கிவிட்டதால் எழுந்திருக்க முடியாத அரை மணி நேரம், இதெல்லாம் எல்லோருக்கும் கிடைக்கிறது. இரண்டு மூன்று பக்கத்தில் ஓர் அத்தியாயம் முடிகிற புத்தகமாக இருந்தால் அதற்குள் ஒன்று முடிந்துவிடும். கீழே நான் சொல்பவை பெரும்பாலும் அந்த ரகம்.

"மொத்தம் எத்தனை புத்தகம் எடுத்துட்டுப் போகட்டும்?"

மூன்று. சமையலறைக்கு ஒன்று, தலையணைப் பக்கம் ஒன்று, யோகா பாய் விரிக்கும் இடத்தில் ஒன்று. பையில் எட்டு அள்ளிக்கொண்டு போனவர்கள் எட்டையும் அப்படியே திருப்பிக் கொண்டுவந்ததைத்தான் பார்த்திருக்கிறேன். மேசையில் அடுக்கி வைத்த புத்தகம், மடிக்காத துணி மாதிரி, போகும்போதும் வரும்போதும் நம்மை முறைத்துக்கொண்டே இருக்கும்.

"குழந்தை வளர்ப்புக்கு ஒரே ஒரு புத்தகம்னா எதைச் சொல்வீங்க?"

'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. ஜப்பானின் பிரபலத் தொலைக்காட்சிக் கலைஞர் தெட்சுகோ குரோயானாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியது. ஜப்பானில் 1981-ல் வந்தது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது, விலையும் குறைவு. முதல் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட ஒரு சிறுமி, பழைய ரயில் பெட்டிகளில் வகுப்பு நடக்கும் தோமோயே என்ற பள்ளிக்கு வருகிறாள். சேர்க்கை நாளன்று தலைமை ஆசிரியர் கோபயாஷி அவள் முன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான்கு மணி நேரம் அவள் பேசுவதைக் கேட்கிறார். கொட்டாவி விடாமல், கடிகாரம் பார்க்காமல். நான்கு மணி நேரமெல்லாம் நம்மால் ஆகாது. ஆனால் அதைப் படித்த அன்று சாயங்காலம் என் மகன் சொன்ன நீண்ட, தலைகால் புரியாத பஸ் கதையை நான் முழுசாகக் கேட்டேன்.

எல்லோரும் அந்தத் தலைமை ஆசிரியரைத்தான் புகழ்வார்கள். எனக்கு அந்த அம்மாவைப் பிடிக்கும். முதல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட விஷயத்தை அவள் மகளிடம் சொல்லவே இல்லை. "வேறு பள்ளிக்குப் போகலாமா?" என்று மட்டும் கேட்கிறாள். மகளுக்கு இருபது வயது தாண்டிய பிறகுதான் உண்மையைச் சொல்கிறாள். பரீட்சை மார்க்கை மாடிப்படியிலேயே பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒப்பிக்கும் நமக்கு, இந்த ஓர் இடத்துக்காகவே அந்தப் புத்தகத்தைக் கொடுக்கலாம்.

"அது கதைப் புத்தகமாச்சே! 'இதைச் செய், அதைச் செய்யாதே'ன்னு சொல்ற மாதிரி இல்லையா?"

இருக்கிறது, நிறையவே. காய்ச்சல், தடுப்பூசி, இணை உணவு இதற்கெல்லாம் குழந்தை மருத்துவர் எழுதிய கையேடு ஒன்று வீட்டில் இருக்கட்டும். சமீபத்திய பதிப்பாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை (ஏன் என்று பின்னால் சொல்கிறேன்). அடம், பொய், படிக்க மறுப்பது போன்றவற்றுக்குச் "செய், செய்யாதே" புத்தகங்கள் எனக்கு உதவியதில்லை. அவற்றில் வரும் குழந்தை ஐந்தாவது பக்கத்திலேயே திருந்திவிடுகிறது. என் வீட்டுக் குழந்தை அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை.

நடைமுறை வேண்டுமென்றால் கிஜுபாய் பதேகாவின் 'பகல் கனவு' எடுங்கள். குஜராத்தில் வக்கீலாக இருந்தவர். தனக்கு மகன் பிறந்த பிறகு அவனை எப்படி வளர்ப்பது என்று தேடப்போய்க் கல்விப் பக்கம் வந்தவர். 1920-ல் பாவ்நகரில் குழந்தைகள் பள்ளி தொடங்கினார். 'மீசை வைத்த அம்மா' என்றே அவரை அழைத்தார்கள். இந்தப் புத்தகத்தில் ஓர் ஆசிரியர் நான்காம் வகுப்பை ஒரு வருஷம் தன் போக்கில் நடத்த அனுமதி வாங்குகிறார். முதல் நாள் அவர் வைத்த அமைதி விளையாட்டு படுதோல்வி, வகுப்பே சந்தைக்கடை ஆகிவிடுகிறது, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். மறுநாள் கதை சொல்ல ஆரம்பிக்கிறார். முதல் திட்டம் மண்ணைக் கவ்வுவதை இவ்வளவு நேர்மையாக எழுதியவர் என்பதால்தான் அவர் மீது எனக்கு நம்பிக்கை.

"இதெல்லாம் விலைக்கு வாங்கணுமா? பீரோவுல இல்லைன்னா எங்க கிடைக்கும்?"

முதலில் உங்கள் தெருவுக்குப் பக்கத்துக் கிளை நூலகத்தைப் பாருங்கள். சுதந்திர இந்தியாவில் முதன்முதலில் பொது நூலகச் சட்டம் வந்தது நம் தமிழ்நாட்டில்தான் (அன்றைய சென்னை மாகாணம்), 1948-ல். அதனால் சின்ன ஊரில்கூட ஒரு நூலகம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்து வெள்ளிக்கிழமை மூடுகிற நூலகங்கள் பல, கேட்டுக்கொண்டு போங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரைக்காரர்களுக்கு 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. இரண்டிலும் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. பிள்ளையை அங்கே உட்கார வைத்துவிட்டு நீங்களும் ஒரு பக்கம் புரட்டலாம்.

வாங்குவதென்றால் பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியிலோ உங்கள் மாவட்டப் புத்தகத் திருவிழாவிலோ 10 சதவீதத் தள்ளுபடியில் கிடைக்கும். பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டும் படக்கதைகள் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழிலேயே இலவசமாக இருக்கின்றன.

"சமையல்தான் யூடியூப்ல கொட்டிக் கிடக்கே, அதுக்கு எதுக்குப் புத்தகம்?"

வீடியோ பார்த்து நானும் சமைக்கிறேன். பரோட்டாவுக்கு மாவை வீசுவது, முறுக்குச் சுற்றுவது இதெல்லாம் கண்ணால் பார்த்தால்தான் வரும். ஆனால் வெங்காயம் வதங்கும்போது கையைத் துடைத்துக்கொண்டு விளம்பரத்தைத் தள்ளிவிடுவதற்குள் அது கருகிவிடுகிறது. புத்தகத்தில் முழுச் செய்முறையும் ஒரே பார்வையில் தெரியும். என்ன இல்லை என்பது அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

தமிழில் அதற்கு எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'தான். முதல் பாகம் 1951-ல் வந்தது. சொந்தக்காரர்கள் "அந்தக் குழம்பு எப்படி, இந்தப் பொடி எப்படி" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால், மாமா ஒருவர் தூண்டுதலில் எழுத உட்கார்ந்தவர் அவர். (ஆக, அதுவும் ஒருவகையில் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்விகளுக்கான பதில்தான்.) கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீரோடு அதை வைத்து அனுப்பிய வீடுகள் உண்டு. தினசரிச் சாம்பார், ரசம், கூட்டு, பொரியலுக்கு முதல் பாகம் போதும். குறை சொல்ல வேண்டுமென்றால், குக்கரும் மிக்சியும் நம் வீடுகளுக்கு வராத காலத்துச் செய்முறை அது. பருப்பு வேக வைக்கும் நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

"அதுல 'ஆழாக்கு', 'பலம்'னு போட்டிருக்கு. எங்க பாட்டிகூட இப்ப இல்லை, யாரைக் கேட்க?"

பழைய பதிப்பு உங்கள் கையில் வந்திருக்கிறது. பிற்காலப் பதிப்புகளில் அளவுகளை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். புத்தகம் வந்த பிறகுதான், 1956 சட்டப்படி, மெட்ரிக் அளவு வந்தது. ஒரு பட்டணம் படி 1.344 லிட்டர். அதில் எட்டில் ஒரு பங்கு ஆழாக்கு, அதாவது 168 மில்லி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. எடையில் ஒரு பலம் 35 கிராம், நாற்பது பலம் ஒரு வீசை, 1.4 கிலோ. ஊருக்கு ஊர் படி மாறும் என்பதால், தெற்கத்திப் பாட்டி சொல்லும் நாழியை இந்தக் கணக்கில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு பொறி: இன்றைய "ஒரு கப்". வீடியோவில் 200 மில்லியோ 250 மில்லியோ இருக்கலாம், ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி. ஆழாக்குக்குப் பதில் 250 மில்லி கப்பில் அரிசியை அளந்து, உப்பை மட்டும் புத்தகத்தில் உள்ளபடி போட்டால் சப்பென்று இருக்கும். பிறகு புத்தகம் தப்பு என்போம். வீட்டில் ஒரு டம்ளரை ஒதுக்கிவைத்து எல்லாவற்றையும் அதிலேயே அளந்தால் கணக்கு பிசகாது.

"எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை கறி இல்லாம ஆகாது. அந்தப் புத்தகம் சைவமாமே?"

ஆமாம், முழுக்கச் சைவம். அசைவத்துக்கு நான் எந்தப் புத்தகத்தையும் சிபாரிசு செய்வதில்லை. அச்சில் வரும் 'செட்டிநாடு', 'கொங்கு' எல்லாம் ஏதோ ஒரு ஓட்டல் ருசிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. உங்கள் வீட்டு மீன்குழம்பு உங்கள் அம்மாவிடமோ மாமியாரிடமோதான் இருக்கிறது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். அவர்கள் சமைக்கும்போது பக்கத்தில் நின்று எழுதுங்கள். "கொஞ்சம் புளி" என்றால் அந்தப் புளியைக் கையிலிருந்து வாங்கித் தராசில் வையுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. என் அம்மாவின் "ஒரு கை மல்லி" 22 கிராம் என்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. இந்தப் பட்டியலில் உள்ள புத்தகம் எது தொலைந்தாலும் வேறு பிரதி வாங்கிக்கொள்ளலாம், அந்த நோட்டுக்கு வேறு பிரதி கிடையாது.

"புத்தகத்தைப் பார்த்தே யோகா கத்துக்கலாமா?"

கற்றதை மறக்காமல் இருக்கப் புத்தகம் உதவும். முதலில் ஒருமுறையாவது ஆசிரியர் ஒருவர் நம் முதுகையும் முட்டியையும் நேரில் பார்க்க வேண்டும். கழுத்தைத் திருப்பிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே செய்கிற ஆசனம் சுளுக்கில்தான் முடியும். முந்தின நாளே படித்துவையுங்கள்.

பி.கே.எஸ். ஐயங்காரின் 'லைட் ஆன் யோகா' (1966) பீரோவில் இருக்கிறது. 200 ஆசனங்கள், சுமார் 600 படங்கள், ஒவ்வோர் ஆசனத்துக்கும் கடினத்தைக் காட்ட 1 முதல் 60 வரை எண். அந்த எண்ணை நம்பி ஏமாறாதீர்கள். தலைகீழாக நிற்கும் சிரசாசனத்துக்கே சின்ன எண்தான் போட்டிருக்கிறார். தினம் பல மணி நேரம் பயிற்சி செய்தவரின் கணக்கு அது. ரத்த அழுத்தம், கண்ணில் நீரழுத்த நோய், கழுத்து வலி உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்கள் பக்கம் போகவே வேண்டாம். அவர் மகள் கீதா ஐயங்கார் பெண்களுக்கென்றே எழுதிய 'யோகா: எ ஜெம் ஃபார் விமன்' நமக்கு இன்னும் பொருத்தம், மாதவிடாய், கர்ப்ப காலத்துக்குத் தனியாகச் சொல்கிறார்.

பதினைந்து நிமிஷம்தான் உண்டு என்றால் என் வழக்கம் இது: பூனை மாதிரி நான்கு காலில் நின்று முதுகை மேலும் கீழும் வளைப்பது, நேராக நிற்கும் தாடாசனம், பிறகு கால்களைச் சுவரில் சாய்த்து வைத்துப் படுப்பது. கடைசியில் அசையாமல் மல்லாந்து படுக்கும் சவாசனம். சவாசனத்தின்போது சின்னவன் வயிற்றில் ஏறி உட்காருவான். அதையும் பயிற்சியில் சேர்த்துக்கொண்டேன்.

"சிசேரியன் ஆகி நாலு மாசம் ஆச்சு. தொப்பை குறைய நாவாசனம் செய்யலாமா?"

டாக்டர் பார்க்காமல் செய்யாதீர்கள். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரத்தில் ஒரு பரிசோதனைக்குப் போவது வழக்கம். அன்றைக்கே இதைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லையென்றால் இப்போது போய்க் கேளுங்கள். கர்ப்பத்தில் வயிற்றின் நடுவே இரண்டு பக்கத் தசைகளும் விலகும். சிலருக்கு அது மாதக்கணக்கில் சேராது. அந்த நிலையில் நாவாசனம் மாதிரி வயிற்றை இறுக்கித் தூக்கும் பயிற்சி விலகலைக் கூட்டிவிடக்கூடும். அதுவரை நடை, மெதுவான மூச்சுப் பயிற்சி போதும். தொப்பைக்கு அவசரம் ஒன்றும் இல்லை. உங்களை அவசரப்படுத்துபவர் யாராக இருந்தாலும் அவரிடம் நான்கு மாதக் குழந்தையை ஒரு ராத்திரி கொடுத்துப் பாருங்கள்.

"திருமந்திரத்துலயே யோகா இருக்காமே, அதைப் படிக்கலாமா?"

அதன் மூன்றாம் தந்திரம் (பகுதி) முழுவதும் யோகம்தான். ஆனால் செய்முறைப் புத்தகமாக அதை எடுத்தால் பத்தே பாட்டில் மூடிவிடுவீர்கள். "உடம்பை வளர்த்தேன் உயிர்வளர்த் தேனே" என்று முடியும் பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். தனக்காக இருபது நிமிஷம் ஒதுக்கியதற்கே குற்றவாளி மாதிரி பேசும் அம்மாக்களுக்கு நான் அதைத்தான் எழுதித் தருகிறேன்.

"புத்தகம் ஒண்ணு சொல்லுது, எங்க அத்தை ஒண்ணு சொல்றாங்க. நடுவுல நான் என்ன பண்றது?"

ஆபத்தானது எது, வெறும் வழக்கம் எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை (சர்க்கரைத் தண்ணீர்) வைப்பது, ஒரு வயதுக்குள் தேன் தருவது, ஆறு மாதத்துக்குள் தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர் கொடுப்பது, மூக்கில் எண்ணெய் விடுவது: இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். தேனில் உள்ள கிருமியின் விதை சின்னக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போகும். "புத்தகத்தில் போட்டிருக்கு" என்று சொன்னால் சண்டை வரும். "டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாங்க அத்தை" என்றால் வராது. முடிந்தால் அடுத்த முறை டாக்டரிடம் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

மற்றதில் அத்தை சொல்வதைக் கேளுங்கள். எந்த அழுகை பசி, எந்த அழுகை தூக்கம் என்பது நான்கு பிள்ளை பெற்றவருக்குத் தெரிகிற அளவுக்கு எந்த எழுத்தாளருக்கும் தெரியாது. காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதையும் என் மாமியாரிடம்தான் கற்றேன்; படம் போட்ட புத்தகம் ஒன்று அலமாரியில் சும்மா கிடந்தது.

"பழைய குழந்தை வளர்ப்புப் புத்தகம் நிறைய இருக்கு வீட்டுல. நம்பலாமா?"

கதையாக இருந்தால் எவ்வளவு பழசானாலும் நம்பலாம். மருத்துவம் என்றால் கூடாது. அமெரிக்க டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக்கின் புத்தகம் 1946-ல் வந்து உலகமெங்கும் கோடிக்கணக்கில் விற்றது. அம்மாக்களை மிரட்டாமல், உங்கள் மேல் நம்பிக்கை வையுங்கள் என்று பேசியவர். நல்ல மனிதர்தான். ஆனால் 1950-களின் பிற்பகுதியிலிருந்து வந்த பதிப்புகளில் குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கச் சொன்னார், வாந்தி எடுத்தால் புரையேறாது என்று நினைத்து. குப்புறத் தூங்கும் குழந்தைகள் தூக்கத்திலேயே திடீரென இறப்பது அதிகம் என்பது பிறகுதான் தெளிவானது. இன்று ஒரு வயது வரை மல்லாக்கத்தான் தூங்க வைக்கச் சொல்கிறார்கள். மேலே சமீபத்திய பதிப்பு வேண்டும் என்று நான் நிபந்தனை போட்டது இதனால்தான்.

"படிக்கப் படிக்க நான் மோசமான அம்மான்னு தோணுதே?"

அப்படித் தோன்றினால் அந்தப் புத்தகத்தை மூடிவிடுங்கள். உண்மையாகவே சொல்கிறேன், திருப்பிக் கொடுக்கும்போது நோட்டில் காரணம்கூட எழுத வேண்டாம். நான் ஒரு காலத்தில் வரிசையாக ஆறு வளர்ப்புப் புத்தகம் படித்தேன். மகன் சாப்பாட்டைத் தட்டிவிட்டால் எந்தப் புத்தகத்தின் எந்த உத்தி என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அவன் இரண்டாவது தட்டையும் தட்டிவிட்டான்.

ஆனால் பிரசவமான ஆறேழு மாதத்துக்குள் இருந்து, எதைப் பார்த்தாலும் அழுகை, தூக்கம் வரவில்லை, குழந்தையிடம் ஒட்டவே இல்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனால், புத்தகம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மருத்துவரிடம் போங்கள். அது நோய், சரியாகக்கூடியது.

"ஏன் அக்கா எல்லாம் அம்மாவுக்கே? எங்க வீட்டுக்காரர் எதுவும் படிக்க வேண்டாமா?"

இந்தக் கேள்வியைக் கேட்டவளுக்குக் கை கொடுத்தேன். அவர்களுக்கு அலெக்சாந்தர் ரஸ்கின் எழுதிய 'அப்பா சிறுவனாக இருந்தபோது' தருகிறேன். உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த மகளுக்கு, தான் சின்னப் பையனாக இருந்தபோது பண்ணிய அசட்டுத்தனங்களை ஒரு ரஷ்ய அப்பா சொன்ன கதைகள். ஆசையாக வாங்கிக் கொடுத்த பந்தை ஓடும் காருக்கு அடியில் உருட்டிவிட்ட கதை அதில் ஒன்று. "வளர்ப்பு" என்ற சொல் அட்டையில் இல்லாததால் அப்பாக்கள் பயப்படாமல் எடுக்கிறார்கள். படித்த பிறகு தாங்கள் தோற்ற கதையைப் பிள்ளைகளிடம் சொல்ல ஆரம்பிக்கிறார்கள், எங்கள் வீட்டில் உட்பட. 'சமைத்துப் பார்' முதல் பாகத்தையும் ஆண்கள் எடுக்கலாம், நோட்டில் தடை ஒன்றும் எழுதவில்லை.

"போன்லயே படிச்சா ஆகாதா? வெளிச்சமும் இருக்கு, கையிலயும் இருக்கு."

பால் கொடுக்கும் ராத்திரிகளில் நானும் போனில்தான் படித்தேன். குழந்தை வளர்ந்த பிறகு ஒரு சிக்கல்: நீங்கள் படிப்பது 'பகல் கனவு'தான் என்பது பிள்ளைக்குத் தெரியாது. அம்மா போன் பார்க்கிறாள், அவ்வளவுதான். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. அதை நாம் அமல்படுத்தும்போது நம் கையில் தாள் புத்தகம் இருந்தால் வாதாட ஒரு முகம் இருக்கும்.

"எதையும் கத்துக்கொடுக்காத புத்தகம் ஏதாவது இருக்கா அக்கா?"

கீழ்த்தட்டு. துப்பறியும் கதைகள், இரண்டு குடும்ப நாவல், முன்னட்டை கிழிந்த ஒரு பேய்க்கதை. அந்தத் தட்டுக்கு மட்டும் நோட்டில் பெயர் எழுத வேண்டாம். பேய்க்கதையின் கடைசிப் பக்கம் இல்லை. முடிவு வேண்டுமென்றால் இரண்டாம் மாடியில் என் கதவைத் தட்டுங்கள், மதியம் மூன்றிலிருந்து நான்கு தவிர.